வேலையையும் விடாம ஊரையும் விடாம எழுத்துல மாஸ்டர்ஸ் படிக்க முடியுமா?

மலேசியாவுல, கெடா மாநிலத்துப் பாடாங் செராய்லேர்ந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்காங்க. தமிழ்ப்பள்ளியில இங்கிலீஷ் டீச்சர், அம்மாவுக்கு வாரத்துல மூணு நாள் டயாலிசிஸ், அதனால வேலையையும் விட முடியாது ஊரையும் விட முடியாது, ஆனா கதை எழுதறத முறையா படிக்கணும்னு ரொம்ப நாள் ஆசை. லோ ரெசிடென்சி எம்.எஃப்.ஏ, அதாவது மாஸ்டர் ஆஃப் ஃபைன் ஆர்ட்ஸ்னு ஒரு எழுத்துப் பட்டம் இருக்காமே, அது நம்மள மாதிரி ஆளுங்களுக்கு சரிப்படுமா, அவ்வளவு காசு குடுத்தா என்ன கெடைக்கும், ரெண்டு பாஷையிலயும் எழுதற ஆளு அதுல போய் என்ன பண்றதுன்னு மூணு கேள்வி. நான் அந்த மாதிரி ஒரு ப்ரோக்ராம்ல படிச்சு முடிச்சவ, படிச்ச காலம் முழுக்க இதே கெடாவுல ஒரு தோட்டத்து ஆபீஸ்ல செக்ரோல், அதாவது ஆளுங்களோட வருகை சம்பளக் கணக்கு பார்த்துக்கிட்டேதான் படிச்சேன், அதனால கொஞ்சம் நீளமாவே எழுதறேன், பொறுமையா படிங்க.

மொதல்ல அது என்னன்னு தெளிவா சொல்லிடறேன், ஏன்னா நிறைய பேரு இத ஆன்லைன் கோர்ஸ்னு நெனச்சுக்கறாங்க, அது இல்ல. வருஷத்துக்கு ரெண்டு தடவை, ஒவ்வொரு தடவையும் பத்து நாள் போல, காலேஜுக்கு நேர்ல போகணும், அதுக்குப் பேருதான் ரெசிடென்சி. மிச்ச மாசமெல்லாம் நம்ம வீட்டுல நம்ம மேசையில. அமெரிக்காவுல வழக்கமான கணக்கு ரெண்டு வருஷம், நாலு செமஸ்டர், அஞ்சு ரெசிடென்சி, கடைசி ரெசிடென்சியில நீங்க ஒரு வகுப்பு எடுக்கணும், எழுதினத மேடையில வாசிக்கணும், அப்புறம் பட்டம். இந்த முறைய மொதல்ல ஆரம்பிச்சது வெர்மாண்ட்ல கோடார்ட் காலேஜ், 1976ல, எலன் ப்ரையன்ட் வாய்ட்னு ஒரு கவிஞர்தான் அத உருவாக்கினாங்க, அந்த ப்ரோக்ராம் 1981ல நார்த் கரோலைனாவுல இருக்கற வாரன் வில்சன் காலேஜுக்கு மாறிப்போச்சு. யாருக்காகன்னு பார்த்தா வேலையில இருக்கறவங்க, பிள்ளைங்க வச்சிருக்கறவங்க, அதாவது ரெண்டு வருஷம் எல்லாத்தையும் போட்டுட்டு ஒரு யூனிவர்சிட்டி டவுன்ல போய் உக்கார முடியாதவங்க. உங்கள மாதிரி ஆளுங்கதான் அதுக்கு சரியான ஆளுங்க, அதுல சந்தேகமே வேணாம்.

ரெசிடென்சி பத்து நாளும் காலையிலேர்ந்து ராத்திரி வரைக்கும் ஓடிக்கிட்டே இருக்கும். காலையில வொர்க்‌ஷாப், கதைங்கள முன்கூட்டியே எல்லாருக்கும் அனுப்பிடுவாங்க, எல்லாரும் படிச்சு மார்ஜின்ல எழுதிக்கிட்டு வந்திருப்பாங்க, எழுதின ஆளு வாயே தொறக்காம உக்காந்து கேக்கணும்ங்கறது பழைய வழக்கம், இப்ப நிறைய எடத்துல அத தளர்த்திட்டாங்க, எழுதின ஆள மொதல்ல பேச விட்டு என்ன தெரிஞ்சிக்கணும்னு அவங்களையே கேக்கறாங்க, எனக்கு அந்த ரெண்டாவது முறைதான் பிடிக்கும், நம்ம ஊர் கதைய நாலு வெளியூர்க்காரங்க தப்பா புரிஞ்சுக்கிட்டு அரை மணி நேரம் பேசறத வாயமூடிக் கேட்டுக்கிட்டு இருந்தா யாருக்கும் லாபம் இல்ல. மத்தியானம் லெக்சர், ராத்திரி வாசிப்பு. கடைசி ரெண்டு மூணு நாள்ல உங்க செமஸ்டர் ஆசிரியர் யாருன்னு முடிவாயிடும், அவரோட உக்காந்து அடுத்த அஞ்சு மாசத்துக்கு என்ன எழுதப் போறீங்க என்ன படிக்கப் போறீங்கன்னு ஒரு திட்டம் போட்டு ரெண்டு பேரும் கையெழுத்து போடுவீங்க.

ஆனா இந்தப் படிப்போட உயிர் அந்தப் பத்து நாள்ல இல்ல. வீட்டுக்கு வந்த பிறகு பேக்கெட்னு ஒன்னு அனுப்பணும், மூணு நாலு வாரத்துக்கு ஒரு தடவை. அதுல புதுசா எழுதின பக்கம் இருபது இருபத்தஞ்சு, திருத்தி எழுதினது கொஞ்சம், படிச்ச புத்தகங்களப் பத்தி ரெண்டு மூணு பக்கத்துல குறிப்பு, அப்புறம் ஆசிரியருக்கு ஒரு கடிதம், இந்த மாசம் எங்க மாட்டிக்கிட்டேன் என்ன புரியலன்னு. ஒரு வாரத்துல அவர்கிட்டேர்ந்து பதில் வரும், நாலஞ்சு பக்கம், கூடவே நீங்க எழுதின தாள்ல வரிக்கு வரி குறிப்பு. ஒரு ஆசிரியருக்கு ஒரு செமஸ்டர்ல மூணு நாலு பேரு, மிஞ்சினா அஞ்சு பேரு, அதனால அவரு உண்மையிலேயே உக்காந்து படிப்பாரு. நீங்க குடுக்கற காசு இதுக்குத்தான், உங்க எழுத்த மாசம் தவறாம படிச்சு எழுத்துலயே பதில் சொல்லியே ஆகணும்ங்கற கடமை உள்ள ஒரு ஆளுக்கு. பட்டம் ரெண்டாவது, அந்த காலேஜ் பேரு மூணாவது.

ஒரு உதாரணம் சொன்னாதான் அந்தக் கடிதம் என்ன செய்யும்னு தெரியும். ரப்பர் மரத்துல பால் வெட்டுற ஒரு பொம்பளையப் பத்தி நான் ஒரு கதை அனுப்பியிருந்தேன், விடியக்காலை அவ பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கு எடுக்கற எடத்துக்குப் போறா, பேர் குடுக்கறா, உளியும் வாளியுமா மர நெரைக்குப் போறா, அப்படி ஆரம்பிக்கும். ஆசிரியர் ரப்பர் மரத்த வாழ்க்கையில பார்த்ததே இல்லாதவரு. அவரு நல்லா இருக்கு நல்லா இல்லன்னு எதுவுமே சொல்லல, மொத பக்கத்துல ஒரு வரியில கோடு போட்டு, இவளுக்கு ரெண்டு வயசுல ஒரு பிள்ளை இருக்குன்னு மூணாவது பக்கத்துல சொல்றீங்க, அப்ப இந்த இருட்டுல அந்தப் பிள்ளை எங்க இருக்குன்னு மட்டும் கேட்டிருந்தாரு. அதுக்குப் பதில் எழுதப் போய்த்தான், வேலைக்குப் போறவங்க பிள்ளைங்கள விட்டுட்டுப் போற ஆயாக் கொட்டாய் கதைக்குள்ள வந்துச்சு. தூங்கற பிள்ளைய சாரோங்ல சுத்தி தோள்ல போட்டுக்கிட்டு லயத்து வழியா நடக்கறது, ஆயா ஒரு கையில டார்ச்சுலைட்ட பிடிச்சுக்கிட்டு வாசல்லயே நிக்கறது, பிள்ளை முழிக்காம ஒரு தோள்லேர்ந்து இன்னொரு தோளுக்கு மாறறது, எந்தப் பால் போத்தல் எந்த வீட்டுப் பிள்ளையோடதுன்னு தெரிய போத்தல் கழுத்துல வேற வேற கலர் நூலு கட்டியிருக்கறது. எங்க பாட்டி சொல்லி சின்ன வயசுலேர்ந்து எனக்குத் தெரிஞ்சதுதான் இதெல்லாம், ஆனா அந்த ஒரு கேள்வி வரலன்னா அது தாளுக்கு வந்திருக்காது, கடைசியில அந்த அரைப் பக்கம்தான் கதைக்கே முதுகெலும்பா நின்னுச்சு. நல்ல ஆசிரியர்னா இதுதான், பதில் சொல்லித் தரமாட்டாரு, சரியான எடத்துல கேப்பாரு.

புத்தகக் குறிப்பும் நம்ம பள்ளிக்கூடத்துல எழுதற கதைச்சுருக்கம் மாதிரி கிடையாது. ஒரே ஒரு கேள்வி எடுத்துக்கணும், இந்தக் கதையில பத்து வருஷம் எப்படி ஒரு வரியில கடந்து போச்சு, அந்த வரிக்கு முன்னாடி என்ன வச்சாரு பின்னாடி என்ன வச்சாரு, அந்த மாதிரி. செமஸ்டருக்கு பத்து பதினஞ்சு புத்தகம் சுலபமா போயிடும். பெனிங்டன் காலேஜ் ப்ரோக்ராம் 1994ல ஆரம்பிச்சது, நூறு புத்தகம் படி ஒன்னு எழுதுங்கறதுதான் அவங்க கொள்கையே. பாடாங் செராய்ல உக்காந்துக்கிட்டு அந்தப் புத்தகத்துக்கெல்லாம் எங்க போறதுன்னு நீங்க கேப்பீங்க, மின்னூலும் காலேஜ் லைப்ரரியோட ஆன்லைன் வசதியும் முக்கால்வாசிய முடிச்சிடும், மிச்சத்த ரெசிடென்சி போறப்ப பெட்டியில சொமந்துக்கிட்டு வரணும், எல்லாரும் அதத்தான் செய்யறாங்க.

நேரம் எவ்வளவு வேணும்னா, வாரத்துக்கு இருபதுலேர்ந்து இருபத்தஞ்சு மணி நேரம்னு ப்ரோக்ராம்காரங்களே சொல்வாங்க, அது மிகைப்படுத்திச் சொல்றது இல்ல. ஸ்கூல் விட்டு வந்து, நோட்டு திருத்தி, அம்மாவ கூட்டிட்டுப் போய் கூட்டிட்டு வந்து, அதுக்கு மேல தினம் மூணு மணி நேரம். உங்க நிலைமையில ஒன்னு சாதகம், டயாலிசிஸ் சென்டர்ல நாலு மணி நேரம் வெளிய காத்துக்கிட்டு இருக்கறீங்க இல்லையா, அந்த நாற்காலிதான் உங்க படிப்பு மேசை, நெசமாவே சொல்றேன், படிக்கற வேலை முழுக்க அங்கயே முடிஞ்சிடும். எழுதறதுக்கு மட்டும் வீட்டுல ஒரு நேரத்த ஒதுக்கி, இந்த நேரத்துல என்னக் கூப்பிடாதீங்கன்னு வீட்டுல சொல்லிடணும், பொம்பளைங்க நாம அதச் சொல்ல ரொம்பத் தயங்கறோம், தயங்கவே கூடாது. அந்தப் பத்து பத்து நாளுக்கு அம்மாவ யாரு பார்த்துக்கறதுங்கறது விண்ணப்பம் போடறதுக்கு முன்னாடியே முடிவாகியிருக்கணும், அண்ணனோ தங்கச்சியோ சித்தியோ, பேரு சொல்லி ஒரு ஆளு, யாராச்சும் வருவாங்கங்கறது பத்தாது.

இப்ப காசு. அமெரிக்க ப்ரோக்ராம்கள்ல கட்டணம் செமஸ்டருக்கு சுமாரா 8,000லேர்ந்து 12,000 டாலர்னு வச்சுக்குங்க, நாலு செமஸ்டருக்கு 40,000 டாலர் பக்கம், நம்ம காசுக்கு ஒன்றரை லட்சம் வெள்ளிக்கு (ரிங்கிட்) மேல. அதோட ரெசிடென்சிக்கு ரூமு சாப்பாடு தனி, பினாங்குலேர்ந்து அஞ்சு தடவை அமெரிக்காவுக்கு போய்வர டிக்கெட் தனி. முழுநேரமா போய்ப் படிக்கற எம்.எஃப்.ஏல நிலைமை வேற, ஐயோவா, மிச்சிகன் மாதிரி எடங்கள்ல கட்டணமும் இல்லாம மாசச் செலவுக்கும் பணம் குடுத்துப் படிக்க வைக்கறாங்க, ஈப்போவுல வளர்ந்த எழுத்தாளர் ப்ரீதா சமரசன் மிச்சிகன்லதான் எம்.எஃப்.ஏ முடிச்சாங்க. ஆனா லோ ரெசிடென்சியில அந்த அளவுக்கு உதவி அநேகமா கிடையாது, சின்னச் சின்ன ஸ்காலர்ஷிப் இருக்கும், பாதிக் கட்டணம் கொறஞ்சாலே பெரிய அதிர்ஷ்டம். பிடிபிடிஎன் கல்விக் கடன் வெளிநாட்டுப் படிப்புக்குக் கெடைக்காது. இபிஎஃப் சேமநிதியில அகாவுன் செஜாத்ராங்கற கணக்குலேர்ந்து படிப்புக்கு எடுக்கலாம், ஆனா நீங்க தேர்ந்தெடுக்கற ப்ரோக்ராம் அவங்க விதிக்குள்ள வருதான்னு ஆஃபர் லெட்டரோட சுங்கைப் பட்டாணி கவுண்டர்லயே நேர்ல கேட்டுக்குங்க. எச்எல்பி, அதாவது அரசாங்க ஊழியர்களுக்கான படிப்பு உதவி, கெடைக்கும்னு நம்பி எந்தத் திட்டமும் போடாதீங்க. அம்மாவோட மருந்துக்கு எடுத்து வச்சிருக்கற காசு, வீட்டு அடமானம், நகை, இதுல எதையும் தொட்டு இந்தப் படிப்பு வேணாம்ங்கறது என்னோட உறுதியான அபிப்பிராயம். இந்தப் பட்டத்தால நம்ம நாட்டுல சம்பளம் ஏறாது. அமெரிக்காவுல இது காலேஜ்ல எழுத்து சொல்லிக் குடுக்க உச்சபட்ச பட்டம்னு கணக்கு, இங்க யூனிவர்சிட்டி லெக்சரருக்கு பிஎச்டி கேக்கறாங்க.

விசா விஷயத்த மொத ஈமெயில்லயே கேட்டுடுங்க. பகுதி நேரம்ங்கறதால நிறைய காலேஜ் வெளிநாட்டுக்காரங்களுக்கு ஐ-20 தாள் குடுக்கறது இல்ல, அது இல்லாம மாணவர் விசா கிடையாது, உங்க ரெசிடென்சிக்கு மலேசியாக்காரங்க எந்த விசாவுல வரலாம்னு எழுத்துல பதில் வாங்காம விண்ணப்பக் கட்டணம் கட்டாதீங்க. இங்கிலாந்து நமக்குக் கொஞ்சம் லேசு, ஆறு மாசத்துக்குள்ள போய் வர விசா வேணாம், 2025லேர்ந்து ஆன்லைன்ல ஈடிஏ அனுமதி மட்டும் எடுக்கணும். ஆக்ஸ்ஃபர்ட்ல எம்எஸ்டி, அதாவது மாஸ்டர் ஆஃப் ஸ்டடீஸ்னு ஒரு எழுத்துப் படிப்பு இதே மாதிரி ரெண்டு வருஷம் பகுதி நேரமா நடக்குது, அஞ்சு ரெசிடென்சி, ரெண்டு ரிட்ரீட், ஒரு ப்ளேஸ்மென்ட், அதையும் பார்த்து வைங்க, ஆனா அதுக்கும் எந்த அனுமதியில வரணும்னு அவங்ககிட்டயே கேட்டு வாங்கிக்குங்க. அதோட நீங்க அரசாங்க டீச்சர், வெளிநாடு போக மேலிடத்து அனுமதி வேணும், ரெசிடென்சி அநேகமா ஜனவரியும் ஜூன் ஜூலையும், நம்ம ஸ்கூல் லீவோட ஒழுங்கா ஒத்துப்போகாது, அதனால ஹெட்மாஸ்டர்கிட்ட முன்கூட்டியே பேசணும், கடைசி நேரத்துல போய் நின்னா கண்டிப்பா சிக்கல்.

இன்னொரு எச்சரிக்கை. இந்த மாதிரி ப்ரோக்ராம்கள் திடீர்னு மூடிடுவாங்க. ஆசியாவுலயே மொதல் லோ ரெசிடென்சி எம்.எஃப்.ஏ ஹாங்காங் சிட்டி யூனிவர்சிட்டியில 2010ல வந்துச்சு, நமக்கு பினாங்குலேர்ந்து நாலு மணி நேர ஃப்ளைட், ஆசிய எழுத்துக்குன்னே அமைச்ச படிப்பு, எழுத்தாளர் சூ சி நடத்தினாங்க, அத 2015ல மூடறதா அறிவிச்சிட்டாங்க, மாணவர்கள் எவ்வளவோ கேட்டும் நடக்கல. நம்ம பக்கத்து ஆளுங்களுக்கு அது பெரிய இழப்பு, இப்ப நெனச்சாலும் எனக்கு வயிறெரியுது. இந்த முறைய ஆரம்பிச்ச கோடார்ட் காலேஜே 2024ல மூடிட்டாங்க. அதனால நடுவுல மூடினா எங்கள முடிச்சு விடுவீங்களான்னு கேட்டுட்டுத்தான் சேரணும்.

சரி, முக்கியமான கேள்வி, எந்த பாஷை. இந்தப் ப்ரோக்ராமெல்லாம் இங்கிலீஷ்லதான். நீங்க தமிழ்ல எழுதறதா இருந்தா, உங்க வரிய வரியா படிக்கற ஆசிரியர் அங்க கெடைக்கவே மாட்டாரு, மொழிபெயர்த்துக் குடுத்தா கதையோட அமைப்பப் பத்திப் பேசுவாங்க, ஆனா எங்க பேச்சு மாறுது எந்த வரி இடிக்குதுங்கறத அவங்களால சொல்ல முடியாது, எழுத்துல பாதி அதுதானே. அதனால தமிழ் எழுத்துக்காக ஒன்றரை லட்சம் வெள்ளி குடுத்து அங்க போகாதீங்க. இங்கிலீஷ்ல எழுதறதா இருந்தா தாராளமா முயற்சி பண்ணுங்க, தோட்டத்து வாழ்க்கைய இங்கிலீஷ்ல எழுதி நிறுத்தினவரு நம்ம பீடோங்ல பொறந்த கே.எஸ். மணியம்தான், பாடாங் செராய்லேர்ந்து பீடோங் எவ்வளவு தூரம்னு உங்களுக்கே தெரியும், அதனால இங்கிலீஷ்ல எழுதினா நம்ம ஆளு இல்லன்னு யாராச்சும் சொன்னா காதுல போட்டுக்காதீங்க.

ஆனா தமிழ்ல எழுதறவங்களுக்கு ஒன்னுமே இல்லையான்னா, நம்ம நாட்டுல இந்த பேக்கெட் வேலை அமெரிக்காக்காரன் ஆரம்பிக்கறதுக்கு கால் நூற்றாண்டு முன்னாடியே நடந்திருக்கு தங்கச்சி. 1950கள் ஆரம்பத்துல தமிழ் நேசன் பத்திரிகையில சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் கதை வகுப்புன்னு நடத்தினாங்க. கதை எப்படி எழுதறதுன்னு பத்திரிகையிலயே பாடம் வரும், தோட்டத்துலயும் கம்பத்துலயும் இருக்கறவங்க எழுதி அனுப்புவாங்க, அதப் படிச்சு குறை நிறை சொல்வாங்க, அதுலேர்ந்துதான் அந்தத் தலைமுறையில நிறைய பேரு எழுத்தாளரா வந்தாங்க. காலேஜ் வாசலையே மிதிக்காத ஆளுங்க, பகல்ல வேலை ராத்திரி மண்ணெண்ணெய் விளக்குல எழுத்து. தமிழ் நேசன் 2019ல நின்னு போச்சு, மலாயாப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரவை 1986லேர்ந்து சிறுகதைப் போட்டி நடத்துது, அது ரொம்ப நல்ல காரியம், ஆனா போட்டியில பரிசு உண்டு, இல்லன்னா இல்ல, ஏன் இல்லன்னு நாலு பக்கம் எழுதி அனுப்ப எந்த நடுவராலயும் முடியாது. அதே பல்கலைக்கழகத்து இந்திய ஆய்வியல் துறையில தமிழ் இலக்கியத்துல முதுகலை பண்ணலாம், அது ஆராய்ச்சி, கதை எழுதற பயிற்சி இல்ல, ரெண்டையும் போட்டுக் குழப்பிக்காதீங்க. நமக்கு இன்னைக்கு இல்லாம இருக்கறது மாசா மாசம் எழுதி பதில் சொல்ற அந்த ஒரு ஆளுதான், அந்த ஆள நாமளே உண்டாக்கிக்க முடியும்ங்கறதுல எனக்கு முழு நம்பிக்கை இருக்கு.

அதனால எங்க விண்ணப்பம் போட்டாலும் போடாட்டியும் மொதல்ல ஆறு மாசம் இத வீட்டுலயே பண்ணிப் பாருங்க. நம்பற மாதிரி மூணு பேரு, எல்லாரும் எழுதறவங்களா இருக்கணும், சும்மா பாராட்டறவங்க வேணாம், ஒருத்தர் சுங்கைப் பட்டாணி ஒருத்தர் ஜொகூர்னு இருந்தாலும் பரவாயில்ல. மாசக் கடைசி தேதிக்குள்ள பதினஞ்சு பக்கம், ஒரு புத்தகக் குறிப்பு, ஒரு கடிதம். பதில் ஒரு வாரத்துல, எழுத்துலதான் வரணும், வாட்ஸாப்ல கட்டைவிரல் போட்டு சூப்பர்னு அனுப்பறது பதில் இல்ல, வாய்ஸ் மெசேஜும் வேணாம், எழுதறப்பத்தான் படிக்கறவங்களும் யோசிக்கறாங்க. பதில்ல தீர்ப்பு வேணாம், எந்த எடத்துல கதைய விட்டு மனசு வெளிய போச்சு, எங்க இன்னும் தெரிஞ்சிக்கணும்னு தோணுச்சு, அது ரெண்டும் போதும். நவம்பர் வாக்குல ஜார்ஜ் டவுன் இலக்கிய விழா நடக்கும், உங்க வீட்டுலேர்ந்து காடியில ஒரு மணி நேரம் போல, மூணு பேரும் அங்க சந்திச்சுக்கிட்டா உங்க ரெசிடென்சி அதுதான்.

ஆறு மாசம் தேதி தவறாம அனுப்ப முடிஞ்சதுன்னா உங்களால அந்தப் படிப்பையும் முடிக்க முடியும், கூடவே விண்ணப்பத்துக்குக் கேக்கற இருபது முப்பது பக்க மாதிரி எழுத்தும் கையில தயாரா இருக்கும், அந்தப் பக்கங்களப் பார்த்துத்தான் அவங்க எடம் குடுக்கறாங்க, டிகிரி மார்க்கெல்லாம் அதுக்கு அப்புறம்தான். அனுப்ப முடியாமப் போனா அதுவும் நல்லதுதான், ஒரு காசு செலவில்லாம தெரிஞ்சுக்கிட்டீங்க, அம்மா உடம்பு கொஞ்சம் நிலைச்ச பிறகு திரும்ப ஆரம்பிக்கலாம், இந்தப் படிப்புக்கு வயசு வரம்பே கிடையாது, நான் படிச்சப்ப கூட இருந்தவங்கள்ல பாதிப் பேருக்கு பேரப்பிள்ளை இருந்துச்சு.

மூணு பேரு உடனே கெடைக்கலன்னா மொதல் ஆளா என்னப் போட்டுக்குங்க. இந்த மாசக் கடைசிக்குள்ள பதினஞ்சு பக்கத்துக்கு மேல போகாம அனுப்புங்க, தமிழா இங்கிலீஷான்னு மட்டும் முன்கூட்டி சொல்லிடுங்க, தமிழ்னா கூலிம்ல நல்லா எழுதற ஒரு அண்ணன் இருக்காரு, அவரையும் கேட்டு சேர்த்துக்கறேன்.